ஏழாவது கெட்ட சாமி

சௌரிராஜன் குரலைத் தாழ்த்தினான் என்றால் கதையில் யாரோ சாகப் போகிறார்கள் என்று அர்த்தம். அன்றைக்கும் தாழ்த்தினான். மற்ற மூவரும் பேச்சை நிறுத்திவிட்டு அவன் வாயையே பார்த்தார்கள்.

பாலக்கரையில் அப்துல் சுக்கூரின் அத்தாவுக்குத் தார்ப்பாய்க் கடை இருந்தது. கடைக்கு மேலே சரக்கு வைக்கிற அறை. சனிக்கிழமை மத்தியானம் ஆனால் தார்ப்பாய்ச் சுருள்களைச் சுவரோரம் உருட்டிவிட்டு நால்வரும் உட்கார்ந்துவிடுவார்கள். கல்லூரியில் ஒரே வகுப்பு. சுக்கூருக்கும் அமிர்தராஜுக்கும் வீடு பாலக்கரையிலேயே. சௌரி ஸ்ரீரங்கத்திலிருந்து வருவான். மருதை கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், டோல்கேட்டிலிருந்து உள்ளே போக வேண்டிய ஊரிலிருந்து.

ஆட்டத்தை அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தவன் சௌரியின் பெரியப்பா மகன். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவன் கதை சொல்லுவான். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, 'நான் கதவை உடைக்கிறேன்' என்றோ 'நான் ஓடிப் போய் ஒளிஞ்சுக்கிறேன்' என்றோ சொல்லுவார்கள். கதவு உடைந்ததா, ஒளிந்தவன் பிழைத்தானா என்பதை இருபது முகம் வைத்த ஒரு பச்சைப் பகடை முடிவு செய்யும். அது மாதிரிப் பகடை திருச்சியில் வேறு யாரிடமும் இல்லை என்று சௌரி அடிக்கடி சொல்லுவான். அது உண்மையாகவும் இருந்திருக்கலாம். சுக்கூர் பூட்டுத் திறக்கிற திருடன், அமிர்தராஜ் மருத்துவன், மருதை செங்கோடன் என்கிற வாள்வீரன். கதை சொல்வது எப்போதும் சௌரிதான். அவனுக்கு அது நன்றாக வந்தது என்பதை மருதைகூட மறுக்க மாட்டான்.

சௌரி கட்டிய உலகத்துக்கு ஏழுகரை என்று பெயர். கரைக்கு ஒரு கெட்ட சாமி. பொய்ச் சத்தியம் செய்தவனின் நாக்கைப் பிடுங்கி மாலையாகப் போட்டுக்கொள்ளும் நாவறுத்தாள். கர்ப்பிணிகள் தண்ணீர் இறைக்கிற கிணறாகப் பார்த்து உப்பைக் கொட்டிவிட்டுப் போகும் உப்பரசி. பிறந்த குழந்தையின் பெயரை அதன் காதில் விழுவதற்கு முன்பே திருடிக்கொண்டு போகிற ஊமைக்கோன். ஆறு மாதமாக ஆறு சாமிகளையும் மூவரும் தேடிப் பிடித்து வெட்டியிருந்தார்கள். ஏழாவதன் பெயரைச் சௌரி அன்றைக்குத்தான் வெளியே விட்டான்.

"ஏழாவது கரையில ஒரு மதகு இருக்கு. அது மேல உக்காந்திருக்கான் மதகன். அவனுக்கு ஒத்தைக் கை. இன்னொரு கையைப் பசி தாங்காம அவனே வெட்டித் தின்னுட்டான். வாயில எப்பவும் சுருட்டு. அந்தப் புகை போற ஊர்லயெல்லாம் குழந்தைங்க தூங்கிடும். தூங்கினதும் மதகுப் பலகையைத் தூக்குவான். தண்ணி ஊருக்குள்ள வரும். விடிஞ்சதும், மிதக்கிற குழந்தைங்களை ஒத்தைக் கையால எண்ணுவான். ஆட்டு ஈரல் வெச்சுக் கும்பிட்டா ஒரே ஒரு குழந்தையை மட்டும் திருப்பிக் குடுப்பான்."

"யப்பா!" என்று அமிர்தராஜ் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். "இதுவரைக்கும் வந்ததுலயே இவன்தான்டா மோசம்."

மருதைக்குக் காது அடைத்துப் போயிற்று. ஒத்தைக் கை. சுருட்டு. ஈரல். மதகு. நாலும் ஒன்றாகச் சேர்ந்து நிற்கிற இடம் அவனுக்குத் தெரிந்து உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது ஏழுகரையில் இல்லை. அவன் ஊருக்குக் கீழ்ப்புறம், வாய்க்கால் பிரிகிற இடத்தில், வேப்பமரத்துக்கு அடியில் இருந்தது. மதகுக் கருப்பு. அவன் வீட்டுக் குலசாமி.

சாமி ஆவதற்கு முன்னால் அவருக்கு அம்மாசி என்று பெயர். மதகுக்குக் காவல் இருந்தவர். ஒரு ஐப்பசி வெள்ளத்தில், தங்கள் வயலில் கதிர் மூழ்குகிறது, பலகையைத் தூக்கித் தண்ணீரைக் கீழே விடு என்று மேட்டுத் தெருக்காரர்கள் ஆளோடு வந்து நின்றார்கள். கீழே குடிசைகளில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. தூக்க மாட்டேன் என்றார் அம்மாசி. பலகையைப் பிடித்திருந்த கையை வெட்டினார்கள். மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, முதுகைப் பலகைக்குக் கொடுத்து அப்படியே சரிந்தார். ஊர் கூடிவிட்டது, வெட்டியவர்கள் ஓடிப்போனார்கள். விடிந்தபோது அவர் உயிரோடு இல்லை, பிள்ளைகள் எல்லாம் உயிரோடு இருந்தன. அந்தப் பிள்ளைகளின் பேரன் பேத்திகள்தான் இன்றைக்கு ஊர். கரையில் குளிருக்குப் பிடித்துக்கொண்டிருந்த சுருட்டைத்தான் இன்றைக்கும் வைத்துக் கும்பிடுகிறார்கள்.

அவரைத்தான் இவன் பிள்ளைகளை மூழ்கடிக்கிறவன் ஆக்கியிருக்கிறான்.

கதை தெரியாமல் செய்தான் என்றால்கூட மருதை பல்லைக் கடித்துக்கொண்டு போயிருப்பான். சௌரிக்குத் தெரியும். போன ஆடியில் திருவிழாவுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனதே மருதைதான். ஸ்ரீரங்கத்துப் பையன் வருகிறான் என்று அம்மா பவுனம்மாள் தனியாக அடுப்பு மூட்டி, புதுப் பாத்திரத்தில் சாம்பார் வைத்திருந்தாள். சௌரி அதைத் தொடவே இல்லை. "எனக்கும் அந்தக் கறிச்சோறுதாங்க வேணும்" என்று பந்தியில் போய் உட்கார்ந்துகொண்டான். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கப்புறம் வந்தவர் போனவரிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. வெட்டிய ஆட்டை ஈரலோடு உப்பும் மஞ்சளும் மட்டும் போட்டு வேகவைத்து, பங்காளி வீட்டுக்கு ஒன்றாகக் கூறு போடுவார்கள். பூசாரி பிச்சமுத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். "இருக்கேன் சாமி" என்று குரல் கொடுத்துவிட்டு வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அன்றைக்குச் சௌரிக்கும் ஒரு கூறு போட்டார் பிச்சமுத்து. விருந்தாளிக்கு எதற்குக் கூறு என்று யாரோ கேட்டதற்கு, "இங்க வந்து கை நனைச்சவன் விருந்தாளி இல்லப்பா, பங்காளி" என்று சொல்லிவிட்டு, "சௌரிராஜன்!" என்று கூப்பிட்டார். சௌரி எழுந்து நின்று, கரை முழுக்கக் கேட்கிற மாதிரி, "இருக்கேன் சாமி!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சந்தோஷச் சிரிப்பு. சாயங்காலம் வரைக்கும் பிச்சமுத்து பக்கத்திலேயே உட்கார்ந்து அம்மாசி கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான். மருதைக்கு அப்போது பெருமையாக இருந்தது.

"டேய் சௌரி, அது எங்க சாமிடா."

"தெரியும்டா. அப்படியேவா போட்டேன்? மாத்தியிருக்கேன்ல."

"அதத்தான்டா கேக்குறேன். ஏன் மாத்துன?"

"கதைக்குக் கெட்ட சாமி வேணும்டா. பார்த்ததும் பக்குனு இருக்கணும். சுருட்டு, ரத்தம், ஒத்தைக் கைன்னு உங்க சாமிகிட்ட எல்லாமே ரெடியா இருந்துச்சு. கதையை மட்டும் கொஞ்சம் திருப்பிப் போட்டேன்." சௌரி இதைப் பாராட்டு மாதிரிதான் சொன்னான். முகத்தில் ஒரு குற்றமும் தெரியவில்லை.

மருதைக்கு இப்போது மற்ற ஆறு சாமிகளும் ஒவ்வொன்றாகப் புரிய ஆரம்பித்தன. நாக்கைத் தொங்கவிட்டிருக்கிற நாவறுத்தாள், மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் புளியமரத்தடியில் இருக்கிற அம்மன். உப்பரசி, உப்பும் மிளகும் கொட்டி அம்மை இறங்க வேண்டிக்கொள்கிறார்களே, அந்த மாரி. ஊமைக்கோன், பூசாரி வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்கிற முனி. பஸ்ஸில் வரும்போது சௌரி ஜன்னல் வழியாக ஒவ்வொன்றையும் காட்டி, 'இது என்ன சாமிடா, அது என்ன சாமிடா' என்று கேட்டதும், தான் வாய் நிறையப் பதில் சொன்னதும் ஞாபகத்துக்கு வந்தன.

"ஏழும் வெயில்ல நிக்கிற சாமி. எல்லாம் எங்க சாமி. உங்க ஊர்ல ஏழு மதில் இருக்கே, அதுக்குள்ளேருந்து ஒண்ணுகூடக் கெட்டதாக் கெடைக்கலையாடா உனக்கு?"

"டேய், பெருமாளையெல்லாம் இதுல இழுக்காத!" சௌரிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"ஏன்? வெளையாட்டுதானே?"

இதுவரை சும்மா இருந்த சுக்கூர், தார்ப்பாயில் சாய்ந்தபடியே, "எங்க பக்கத்துலேருந்தும் எடுக்கல, அமிர்தராஜ் பக்கத்துலேருந்தும் எடுக்கல. எடுத்தா ஒதை விழும்னு தெரியும். மருதைன்னா சிரிச்சுக்கிட்டுப் போயிடுவான்னு நெனைச்சுட்ட. அதான சௌரி?" என்றான்.

"ஐயோ, வெறும் விளையாட்டுடா இது! பேப்பர்ல கெடக்கிற சாமி. ராத்திரி வந்து யாரையாவது அடிக்கப் போகுதா?" சௌரி பகடையை மருதை பக்கம் உருட்டினான். "இவனை வெட்ட வேண்டியதே செங்கோடன்தான். உனக்காகத்தான் கடைசி வெட்டை வெச்சிருக்கேன். போடு."

போடு என்றான்! தன் குலசாமியைத் தன் கையாலேயே வெட்டச் சொன்னான். அதையும் ஒரு சலுகை மாதிரிச் சொன்னான். மருதைக்கு ரத்தம் தலைக்கேறியது. பகடையை எடுத்தான். உருட்டவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

"வர்ற ஞாயித்துக்கிழமை எங்க திருவிழா. நீ பங்காளி. பிச்சமுத்து பெரியப்பா பேர் கூப்பிடுறப்ப வந்து நில்லு. நின்னு, உங்க சாமி கதையை நான் இப்படித் திருப்பிட்டேன், தப்புதான்னு அவர் முன்னாடி சொல்லு. மதகனை எடுத்துட்டு வேற எவனையாவது போடு. அன்னைக்கே பகடையைக் குடுத்துடுறேன்."

"பைத்தியமாடா உனக்கு?"

"வெறும் வெளையாட்டுன்னா, ஒரு பேரை எடுக்கிறதுல உனக்கென்ன கஷ்டம்?" என்று கேட்டுவிட்டு, மருதை தடதடவென்று படி இறங்கிப் போய்விட்டான்.

அந்த வாரம் முழுக்கக் கல்லூரியில் சௌரி அவன் இருந்த பக்கம் வரவில்லை. மருதையும் போகவில்லை. ஆனால் அவன் வருவான் என்று நினைத்தான். திட்டிக்கொண்டே நினைத்தான். பந்தியில் உட்கார்ந்தவன், அம்மா கையால் இரண்டாம் தடவை கறி வாங்கிச் சாப்பிட்டவன், எப்படி வராமல் போவான்? நடந்ததை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. நம்ம சாமியைப் பிள்ளை கொல்லி ஆக்கிவிட்டான் என்று அம்மாவிடம் எந்த வாயால் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஆடு வெட்டிப் பொங்கல் வைத்துக் கூறும் போட்டாயிற்று. பிச்சமுத்து பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். "சௌரிராஜன்!" என்றார். பதில் இல்லை. பவுனம்மாள் பாதையை எட்டி எட்டிப் பார்த்தாள். ஒருவரும் வரவில்லை.

"பரீட்சையா இருக்கும்," என்று அவளே ஒரு சமாதானம் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு, அந்தக் கூறை எடுத்துப் பொங்கலோடு வாழையிலையில் வைத்து மடித்தாள். அதற்கு மேல் இன்னொரு இலை, அதற்கு மேல் இன்னொன்று. நாரால் கட்டி, பனையோலைக் கொட்டானில் வைத்து, வேப்பிலையைப் போட்டு மூடினாள். சாம்பிராணிப் புகையில் ஒருமுறை காட்டினாள். "பங்காளி வரலைன்னா பங்கு அவன் வாசலுக்குப் போவணும். கொண்டு போய்க் குடுத்துட்டு வா."

"ஸ்ரீரங்கத்துக்கா? அவங்க வீட்டுக்கா? என்னம்மா பேசுற நீ?"

"பிரிச்சுக் காட்டவா சொன்னேன்? கையில குடு. அந்தப் புள்ள வெவரமாப் பாத்துக்கும். வாங்கிக்கிட்டா இன்னும் பங்காளிதான். வாங்கலைன்னா, ஆத்தங்கரையில நின்னு மூணு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டுத் தண்ணியில விட்டுரு. வீட்டுக்குத் திருப்பிக் கொண்டாந்துடாத." வாங்காமல் இருப்பான் என்று அவள் நினைக்கவே இல்லை. அந்த நம்பிக்கையைப் பார்க்கப் பார்க்க மருதைக்குக் கோபம் இன்னும் ஏறியது.

டோல்கேட்டில் பஸ் ஏறி, பாலம் தாண்டி, திருவானைக்காவலில் இறங்கி ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு மாறினான். மடியில் கொட்டான், சட்டைப் பையில் பகடை. என்ன செய்யப்போகிறான் என்பது பாலம் தாண்டும்போதே முடிவாகிவிட்டது. அவர்கள் வாசலில் வைத்து இதைப் பிரிக்கப்போகிறான். உங்கள் பிள்ளை போன வருஷம் பந்தியில் உட்கார்ந்து கேட்டு வாங்கித் தின்றது இதுதான் என்று காட்டப்போகிறான். தெருவே கூடட்டும். ஒரு சாமியின் பெயரைக் கெடுத்தவனுக்குத் தன் பெயர் கெட்டால் எப்படி இருக்கும் என்று தெரியட்டும்.

வடக்கு உத்திர வீதியில் வீடு. கதவைத் திறந்தது சௌரியின் தங்கை ரங்கநாயகி. பதினைந்து வயது இருக்கும். மருதையை அவளுக்குத் தெரியும். "அண்ணா, உன் ஃப்ரெண்ட் வந்திருக்கார்!" என்று உள்ளே பார்த்துக் கத்திவிட்டு, கொட்டானையும் வேப்பிலையையும் பார்த்தாள். "கோயில் பிரசாதமா?" என்றாள்.

"ஆமாம்மா. எங்க ஊர்த் திருவிழா."

அவள் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினாள். மருதைக்கு ஒரு கணம் என்ன செய்வதென்று தெரியவில்லை. இவள் நீட்டுவாள் என்று அவன் நினைத்திருக்கவில்லை. "அண்ணன்தான் வாங்கணும்" என்று கொட்டானைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

சௌரி வந்தான். கொட்டானைப் பார்த்ததும் அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அவனுக்குப் பின்னாலேயே அவன் அப்பாவும் வந்தார். தபால் ஆபீசில் வேலை பார்ப்பவர், மெதுவாகப் பேசுகிற மனிதர்.

"எந்தக் கோயில் பிரசாதம்ப்பா?"

"மதகுக் கருப்பு சார். எங்க குலசாமி. சௌரி போன வருஷம் வந்திருந்தான். அவனுக்கு ஒரு பங்கு உண்டு. அவன் கையில குடுக்கணும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "தப்பா நெனைச்சுக்காதேப்பா, வேற கோயில் பிரசாதம் சாப்பிடற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. ஆனா இத்தனை தூரம் சுமந்துண்டு வந்திருக்க. கொடுக்கறதை வாங்காம அனுப்பப்படாது. சௌரி, வாங்கிக்கோடா. வாங்கிண்டு போய்க் கொல்லைல மரத்தடில வெச்சுடு."

இவ்வளவு சுலபமாகிவிட்டது! கையை நீட்டினால் போதும். பிரிக்க வேண்டாம், தின்ன வேண்டாம், மன்னிப்புக்கூடக் கேட்க வேண்டாம். பெற்ற அப்பனே வாங்கிக்கொள் என்கிறார். மருதை கொட்டானை நீட்டினான். நீட்டும்போது அவன் மனதில் கோபத்துக்கு அடியில், வாங்குடா, வாங்கித் தொலைடா என்று ஒரு கெஞ்சலும் இருந்தது. வாங்கிவிட்டால் எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

சௌரி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வேண்டாம்ப்பா," என்றான். "அது... அது நல்ல சாமி இல்லப்பா. துஷ்ட தேவதை. ரத்த பலி வாங்கறது. கொழந்தைகளைத் தண்ணியில முக்கிக் கொல்ற தேவதை. நீங்க தொட்டுடாதீங்கோ."

அவன் அப்பா சட்டென்று ஓரடி பின்னால் போனார். "பெருமாளே!" என்று மகளின் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். ரங்கநாயகி, சற்று முன் நீட்டிய தன் கைகளையே பயத்தோடு பார்த்துக்கொண்டாள்.

தார்ப்பாய்க் கடை மாடியில் சொன்ன அதே வார்த்தைகள். அங்கே பகடை இருந்தது, விளையாட்டு என்று சொல்லிக்கொள்ள ஒரு வழி இருந்தது. இங்கே என்ன இருக்கிறது? அம்மாசி யார் என்று இவனுக்கு அட்சரம் பிசகாமல் தெரியும். கொல்லையில் யாராவது பிரித்துப் பார்த்து, தான் தின்றது வெளியே வந்துவிடக்கூடாது என்பதற்காக, ஊரைக் காப்பாற்றிச் செத்தவனைப் பிள்ளை கொல்லி என்று சொந்த அப்பாவிடமே சொல்கிறான். இந்தத் தெருவில் இனி அவர் அதுதான். இந்தப் பெண் வளர்ந்து தன் பிள்ளைகளுக்குச் சொன்னாலும் அப்படித்தான் சொல்லும்.

மருதையின் விரல் நார் முடிச்சுக்குப் போயிற்று. ஒரு இழுப்பு. அவ்வளவுதான். சௌரி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாம்டா என்று கண்ணாலேயே கெஞ்சினான். அவனுக்குப் பின்னால், ஒரு பாவமும் அறியாத அந்த மனிதரும் அந்தப் பெண்ணும் நின்றார்கள். இதைப் பிரித்தால் முதலில் முழுகிப்போவது அவர்கள்தான்.

அம்மாசி பலகையைத் தூக்கவில்லை. கையே போனபோதும் தூக்கவில்லை.

சீ என்றிருந்தது மருதைக்கு. இந்த நேரத்தில்தானா அந்த மனுஷன் ஞாபகத்துக்கு வர வேண்டும்? இப்படி ஒரு சாமியைக் குலசாமியாக வைத்துக்கொண்டு ஒருத்தனை ஆசை தீரப் பழிவாங்கக்கூட முடியவில்லையே என்று அவர் மேலேயே ஆத்திரம் வந்தது. விரலை முடிச்சிலிருந்து எடுத்தான்.

"சௌரி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இப்ப நாம ஆட்டம் ஆடிக்கிட்டிருக்கோமா?"

சௌரி தலையைக் குனிந்துகொண்டான்.

"சொல்லுடா. இது வெளையாட்டா?"

"...இல்ல."

"என்னடா ஆட்டம்? என்ன பேசறேள் ரெண்டு பேரும்?" என்று அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல சார்." மருதை சட்டைப் பையிலிருந்து பச்சைப் பகடையை எடுத்து, வாசல்படியில், கோலத்தின் மேல் வைத்தான். "உங்க பையனோடது. என்கிட்ட இருந்துச்சு." திரும்பி நடந்தான். சௌரி கூப்பிடவில்லை. படியிலிருந்து பகடையை எடுக்கிற சத்தம் மட்டும் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

வடக்கு வாசல் தாண்டி நேரே கொள்ளிடக்கரைக்கு வந்தான். நல்ல வெயில். ஆற்றில் பாதிக்கு மேல் மணல், இந்த ஓரமாக மட்டும் ஆடித் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி ஒருவர் துணி அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தார். அக்கரையில் தெரிகிற மரங்களுக்குப் பின்னால் எங்கேயோதான் மதகு. அம்மா இந்நேரம், குடுத்துட்டான் என்று நினைத்துக்கொண்டு இருப்பாள். நடந்ததையெல்லாம் இன்றைக்கு அவளிடம் சொல்லியே ஆக வேண்டும். அதை நினைத்தபோது சௌரியின் சட்டையைப் பிடித்து இரண்டு அறை கொடுத்திருக்கலாம் என்று கை துடித்தது.

தண்ணீரோரம் போய் நின்று, "சௌரிராஜன்!" என்று கூப்பிட்டான். துவைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சௌரிராஜன்!"

வழக்கத்தில் இல்லாத ஒன்றை அப்போது செய்தான். திரும்பி, தான் வந்த பாதையைப் பார்த்தான். அவன் மூச்சிரைக்க ஓடி வந்து, 'இருக்கேன்டா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சைக்கிளில் ஒரு கீரைக்காரர் போனார். வேறு யாரும் இல்லை. இப்படிக் காத்து நிற்கிற தன்னையே ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது.

"சௌரிராஜன்!" மூன்றாவது தடவை குரல் உடைந்து வந்தது.

"ஆள் இல்ல சாமி" என்று சொல்லிவிட்டுக் கொட்டானைத் தண்ணீரில் விட்டான். அது கொஞ்ச தூரம் போய், கரையோர நாணலில் தட்டி நின்றுகொண்டது. மருதை பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் ஆழம் இறங்கிப் போய், அதைத் தன் கையாலேயே நடு ஓட்டத்துக்குத் தள்ளிவிட்டான்.